கண்ணுக்குள் போடும் புது ஊசி: பரிசோதனையில் அம்மாவைச் சேர்க்கலாமா?

கேள்வி: டொக்டர், நான் பசறைப் பக்கம் ஒரு தோட்டத்தில் கொழுந்தெடுக்கிறேன். என் அம்மாவும் அதே தோட்டத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர், வயது 72. தீபாவளிக்குப் பிறகு இடது கண்ணில் நடுவில் மட்டும் ஏதோ மறைக்கிறது என்கிறார். எதிரே நிற்பவரின் சேலைக் கரை தெரிகிறது, முகம் தெரியவில்லையாம். லயத்துக் கதவு நிலை வளைந்து நிற்பதாகவும் சொல்கிறார். பதுளை பெரியாஸ்பத்திரியில் காட்டினோம். விழித்திரையின் நடுவில் வயதினால் வரும் நோய், நீர் கசிகிறது, அவஸ்டின் என்ற ஊசியை முதல் மூன்று மாதமும் மாதம் ஒன்றாகக் கண்ணுக்குள் போட வேண்டும் என்றார்கள். அது புற்றுநோய் மருந்து என்று பக்கத்தில் இருந்தவர்கள் சொன்னதும் அம்மா பயந்துவிட்டார்.

எங்கள் மாமா சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் அந்தப் பக்கம் போனவர், கோத்தகிரியில் இருக்கிறார். தமிழ்நாட்டுக் கண் ஆஸ்பத்திரிகளில் இதைவிட நல்ல புது ஊசிகளைப் பரிசோதித்துப் பார்க்கிறார்கள், சேர்ந்தால் செலவே இல்லை, வேறு ஊசி எதுவும் போடாமல் கூட்டிவா என்கிறார். போகலாமா? அம்மாவைச் சோதனை எலி ஆக்கிவிடுவார்களா? 2023இல் நுவரெலியாவில் கண்ணுக்கு விட்ட மருந்தால் ஆட்களுக்குப் பார்வை கெட்டுப்போன கதையும் மனதில் இருக்கிறது. அம்மாவுக்குக் கையெழுத்து வராது, கைநாட்டுத்தான். என்ன செய்வது?

— பசறை வாசகி

பதில்: உங்கள் கடிதத்தில் என்னை உடனே பேனாவை எடுக்க வைத்தது, ‘வேறு ஊசி எதுவும் போடாமல் கூட்டிவா’ என்ற வரி. மாமா நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருக்கிறார். அவர் சொல்வதில் உண்மையும் உண்டு: இத்தகைய பரிசோதனைகளில் பல, முன்பு ஊசியே போடாத கண்ணைத்தான் சேர்த்துக்கொள்ளும். ஆனால் அதற்காகக் காத்திருக்காதீர்கள். முதல் ஊசியைப் பதுளையில் சொன்ன தேதியிலேயே போட்டுவிடுங்கள். ஏன் என்று விளக்குகிறேன்.

உங்கள் அம்மாவுக்கு வந்திருப்பது கண்புரை அல்ல. கண்டி மாவட்டக் கிராமங்களில் 40 வயதுக்கு மேற்பட்ட 1,375 பேரைப் பார்த்த ஆய்வில் பார்வையிழப்புக்குக் கண்புரையே முதற்காரணமாக இருந்தது. அதனால்தான் மலையகத்தில் வயதானவர்களுக்குப் பார்வை மங்கினால் எல்லாரும் அதையே நினைக்கிறோம். கண்புரையை ஒரு வருடம் கழித்து எடுத்தாலும் பெரும்பாலும் பார்வை திரும்பும். விழித்திரையின் நடுப்பகுதியான மக்கியூலாவில் நீர் கசியும் இந்த நோய்க்கு அந்தப் பொறுமை கிடையாது. மக்கியூலாவுக்கு அடியில், சுவர் வெடிப்பில் ஆலங்கன்று முளைப்பதுபோல, வேண்டாத இரத்தக் குழாய்கள் முளைக்கின்றன. அவை கசிந்தால் நேர்கோடு வளைந்து தெரியும். இரத்தம் கட்டினால் நடுப்பார்வை மறையும். அப்படியே விட்டால் சில மாதங்களில் அந்த இடம் தழும்பாகிவிடும். தழும்பானதைத் திருப்ப அவஸ்டினாலும் முடியாது, மாமா சொல்லும் புது ஊசியாலும் முடியாது.

இந்தக் குழாய்களை வளரச் செய்வது உடலே சுரக்கும் ஒரு புரதம். அதன் பெயர் வீஈஜிஎஃப். 1989இல் அமெரிக்காவின் ஜெனன்டெக் கம்பனியில் நெப்போலியோன் ஃபெராரா என்ற இத்தாலிய விஞ்ஞானியின் குழு அதைப் பிரித்தெடுத்து அடையாளம் கண்டது. புற்றுநோய்க் கட்டியும் இதே புரதத்தைக் கொண்டுதான் தனக்கு இரத்தக் குழாய் போட்டுக்கொள்கிறது. ஆகவே இந்தப் புரதத்தைக் கட்டிப்போடும் அவஸ்டின், 2004இல் பெருங்குடல் புற்றுநோய்க்கு அனுமதி பெற்றது. மறு வருடமே மயாமியில் ஃபிலிப் ரோசன்ஃபெல்ட் என்ற கண் வைத்தியர் அதில் ஒரு சிறு துளியைக் கண்ணுக்குள் செலுத்திப் பார்த்தார். கசிவு வற்றியது. அதன் பிறகு உலகம் முழுவதும் பரவிவிட்டது. 2013இல் உலக சுகாதார நிறுவனம் தன் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் கண்ணுக்கென்றே அதைச் சேர்த்தது. அம்மாவிடம் இப்படிச் சொல்லுங்கள்: ‘புற்றுநோய்க்காரர்களுக்கும் இது உதவும். உங்களுக்குப் புற்றுநோய் இல்லை. கண்ணுக்குப் போடுவது ஒரு மில்லிலீட்டரில் இருபதில் ஒரு பங்குதான்.’

இனிப் பரிசோதனைக்கு வருவோம். எப்படிச் சோதித்தார்கள் என்பது தெரிந்தால் உங்கள் கேள்விகளில் பாதி தானாகவே தீர்ந்துவிடும்.

கண்ணுக்கென்றே ஜெனன்டெக் செய்த இன்னொரு மருந்து லூசென்டிஸ். அதை அமெரிக்காவில் 716 பேரிடம் சோதித்த முடிவு 2006இல் வெளிவந்தது. மூன்றில் ஒரு பங்கினருக்கு மருந்தே போடவில்லை. ஊசியில்லாத வெறும் சிரிஞ்சைக் கண்ணில் அழுத்தி எடுத்தார்கள். தமக்குப் போட்டது மருந்தா இல்லையா என்பது நோயாளிக்குத் தெரியக்கூடாது என்பதற்காக. ஒரு வருட முடிவில் மருந்து பெற்றவர்களில் 100க்கு 95 பேர் பார்வையைப் பெரிதாக இழக்கவில்லை. பெறாதவர்களில் 62 பேர்தான் தப்பினார்கள். அந்த வெறும் சிரிஞ்சுக்காரர்களுக்கு நாம் எல்லாரும் கடன்பட்டவர்கள். அவர்கள் இல்லாவிட்டால் இந்த ஊசி வேலை செய்கிறது என்று நிச்சயமாகச் சொல்லியிருக்க முடியாது. இன்று நீர்க்கசிவு உள்ள ஒருவரை மருந்தே இல்லாமல் விட்டுச் சோதிப்பதை எந்த நல்ல நெறிமுறைக் குழுவும் ஏற்காது. ஒரு பிரிவுக்குப் புது மருந்தும் மற்றப் பிரிவுக்குப் பழைய நிரூபணமான மருந்தும் போடுவார்கள். வெறும் சிரிஞ்சை இப்போதும் பயன்படுத்துவதுண்டு; யாருக்கு எத்தனை வாரத்துக்கு ஒரு ஊசி என்பதை மறைக்க மட்டும்.

அடுத்து வந்ததுதான் நமக்கு மிக முக்கியமான சோதனை. அப்போது லூசென்டிஸ் ஒரு ஊசி ஏறத்தாழ 2,000 டொலர். அவஸ்டினைச் சிறு பங்குகளாகப் பிரித்தால் ஒரு ஊசி 50 டொலர். இரண்டும் ஒன்றா என்று ஒப்பிட்டுப் பார்க்க மருந்துக் கம்பனிகளுக்கு என்ன அவசரம்? கடைசியில் அமெரிக்க அரசின் தேசியக் கண் நிறுவனம் பணம் கொடுத்து, 1,200 பேர் அளவில் சேர்த்துப் பார்த்தது. 2011இல் முடிவு வந்தது. மாதா மாதம் லூசென்டிஸ் பெற்றவர்கள் பார்வை அட்டையில் சராசரியாக 8.5 எழுத்து கூடுதலாக வாசித்தார்கள். அவஸ்டின் பெற்றவர்கள் 8 எழுத்து. வித்தியாசம் அரை எழுத்து! அட்டையில் ஒரு வரிக்கு ஐந்து எழுத்து என்பதால் இரண்டு பக்கமும் ஒன்றரை வரியளவு முன்னேற்றம். அம்மாவுக்கு எழுத்து வாசிக்கத் தெரியாதே என்று கவலைப்பட வேண்டாம். ‘ஈ’ என்ற ஆங்கில எழுத்தின் கால்கள் எந்தப் பக்கம் திரும்பியிருக்கின்றன என்று விரலால் காட்டினால் போதும்.

ஆகவே பதுளையில் உங்களுக்குச் சொன்ன மருந்து ஏழைகளுக்கென ஒதுக்கிய இரண்டாம் தரம் அல்ல. இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். தோட்டத்து மக்களுக்கு எதிலும் கழிவுதான் கிடைக்கும் என்ற எண்ணம் நமக்குள் ஊறிப்போயிருக்கிறது. அதற்குக் காரணங்களும் உண்டு. இந்த ஒரு விசயத்தில் அது சரியல்ல.

பிறகு வந்த புது ஊசிகள் எதைச் சாதித்தன? 2011இல் அனுமதி பெற்ற ஐலியா 2,400க்கும் மேற்பட்டவர்களிடம் சோதிக்கப்பட்டது. முதல் மூன்று மாதத்துக்குப் பிறகு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை போட்டாலே, மாதா மாதம் போட்ட லூசென்டிஸுக்குச் சமமான பார்வை கிடைத்தது. 2022இல் வந்த வபிஸ்மோ 1,329 பேரிடம் சோதிக்கப்பட்டது; அதைப் பெற்றவர்களில் பாதிக்குச் சற்றுக் குறைவானவர்கள் நான்கு மாதத்துக்கு ஒரு ஊசியோடு சமாளித்தார்கள். பார்வையில் ஐலியாவை மிஞ்சவில்லை, சமம். ஆக இந்தப் பதினைந்து வருட ஆராய்ச்சியின் பெரிய ஆதாயம் பயணம் குறைந்ததுதான். நகரத்துக்காரருக்கு இது அற்பமாகத் தெரியலாம். பசறையிலிருந்து காலை பஸ்ஸில் அம்மாவைப் பதுளைக்குக் கூட்டிப்போய், கிளினிக் முடிந்து இருட்டுமுன் திரும்ப வேண்டிய உங்களுக்கு, அதற்காக அன்றைய பேரையும், அதாவது நாட்சம்பளத்தையும், இழக்கும் உங்களுக்கு, அதன் அருமை தெரியும். மழைக்காலத்தில் மண் சரிந்து பாதை மூடினால் அந்த மாத ஊசியே தவறிப்போகும். கடைகளில் இந்தப் புது மருந்துகளின் விலையோ எட்டாத உயரம். அதற்காகக் கடன் வாங்கவோ தோடு அடகு வைக்கவோ தேவையில்லை. அவஸ்டினையும் கசிவு வற்றியபிறகு ஆறு வாரம், எட்டு வாரம் என்று மெதுவாகத் தள்ளிப் போடும் முறை இருக்கிறது. நான்காவது மாதம் அதைப்பற்றிக் கேளுங்கள்.

புதிது என்றால் நல்லது என்று நினைப்பவர்களுக்கு நான் வழக்கமாகச் சொல்வது பியோவு என்ற மருந்தின் கதை. 1,800 பேருக்கு மேல் சோதித்து, 2019 ஒக்டோபரில் அமெரிக்காவில் அனுமதி வாங்கினார்கள். மூன்று மாதத்துக்கு ஒரு ஊசி போதும் என்று விளம்பரம். 2020 பெப்ரவரியில், சிலருக்கு விழித்திரையின் இரத்தக் குழாய்கள் வீங்கி அடைபடுவதாக அமெரிக்க விழித்திரை வைத்தியர் சங்கம் எச்சரித்தது. சோதனைப் படங்களைத் திரும்ப எடுத்துப் பார்த்தபோது, 100க்கு நாலைந்து பேருக்குக் கண்ணுள் அழற்சி அப்போதே வந்திருந்தது தெரிந்தது. சோதனையில் யாரும் ஏமாற்றியதாகச் சொல்லவில்லை. சில ஆபத்துகள் பல்லாயிரம் பேருக்குப் போட்ட பிறகே முகம் காட்டும். அதனால் புது மருந்தைப் பெறும் முதல் ஆளாக இருப்பதில் தனி அதிர்ஷ்டம் ஒன்றும் இல்லை.

பழைய மருந்திலும் ஆபத்து உண்டு. நுவரெலியா விசயத்தை நீங்கள் குறிப்பிட்டிருக்கிறீர்கள். அது கண்புரை சத்திரசிகிச்சைக்குப் பின் விட்ட சொட்டு மருந்து. இந்த ஊசி அல்ல. ஆனால் உங்கள் பயத்தில் நியாயம் இருக்கிறது, ஏனென்றால் அவஸ்டினிலும் ஆபத்து வரக்கூடிய இடம் அதுபோன்றதுதான்: மருந்தைவிட அதைக் கையாளும் விதம். புற்றுநோய்க்கான சிறிய குப்பியில் 4 மில்லிலீட்டர் இருக்கும். கண்ணுக்கு 0.05 போதும். ஆகவே ஒரு குப்பியைக் கிருமியில்லாத அறையில் பல சிரிஞ்சுகளாகப் பிரிக்கிறார்கள். அங்கே தவறினால் ஒரே நாளில் பல கண்கள் பாதிக்கப்படும். 2016 ஜனவரியில் குஜராத்தில் ஊசி போட்ட ஒரு கூட்டத்தினருக்குக் கண்ணில் அழற்சி வந்ததும் இந்திய மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரி அவஸ்டினைக் கண்ணுக்குப் போட வேண்டாம் என்று எச்சரித்தார். விழித்திரை வைத்தியர்கள் வாதாடியதால் மார்ச்சிலேயே அது விலக்கப்பட்டது. மொத்தத்தில் பார்த்தால், கண்ணுள் கடும் கிருமித்தொற்று ஏறத்தாழ இரண்டாயிரம், மூவாயிரம் ஊசிக்கு ஒன்றில் வருகிறது.

அதனால் ஊசி போட்ட அடுத்த ஒரு வாரம் கவனம் வேண்டும். வெள்ளை விழியில் இரத்தப் பொட்டு ஒன்று தெரிந்தால் பரவாயில்லை, இரண்டு வாரத்தில் கரைந்துவிடும். முதல் நாள் கறுப்புக் குமிழி மிதந்தாலும் பயமில்லை. ஆனால் இரண்டாம் நாள், மூன்றாம் நாள் வலி கூடி, கண் சிவந்து, பார்வை குறைந்தால் கிளினிக் நாள் வரட்டும் என்று இருக்காதீர்கள்; தோட்ட டிஸ்பென்சரியில் சொட்டு மருந்து வாங்கி விட்டுப் பார்க்கவும் வேண்டாம். அன்றைக்கே, இரவானாலும், பதுளைக்கு ஏற்றிப்போங்கள். நந்தியாவட்டைப்பூச் சாறு, தாய்ப்பால் எதுவும் கண்ணில் விடக்கூடாது. ஊசியின்போது வலிக்குமா என்று அம்மா கேட்பார். மரக்கச் சொட்டு விட்டு, அயடின் மருந்தால் கழுவி, இமையை ஒரு கிளிப்பால் விரித்துப் பிடித்து, கறுவிழியின் ஓரத்திலிருந்து நாலு மில்லிமீட்டர் தள்ளி மெல்லிய ஊசியால் போடுவார்கள். ஒரு நொடி அழுத்தம் தெரியும். பலருக்கு ஊசியைவிட அந்த அயடின் எரிச்சல்தான் நினைவில் நிற்கும்.

சோதனை எலி என்ற வார்த்தைக்கு வருகிறேன். மாமா சொல்லும் ஆஸ்பத்திரி எது என்று எனக்குத் தெரியாததால் எல்லாவற்றுக்கும் பொதுவாகச் சொல்கிறேன். இந்தியாவில் எந்த மருந்துப் பரிசோதனையும் சிடிஆர்ஐ என்ற அரசுப் பதிவேட்டில் பதியப்பட வேண்டும். 2009 முதல் அது கட்டாயம். இலங்கைக்கும் 2006 முதல் தனிப் பதிவேடு இருக்கிறது. இரண்டையும் ஃபோனிலேயே யாரும் பார்க்கலாம். மாமாவிடம் பதிவு எண்ணைக் கேளுங்கள். எண் சொல்ல முடியாவிட்டால் பேச்சை அத்தோடு விடுங்கள். 2019இல் வந்த இந்திய விதிகளின்படி, பரிசோதனையால் பாதிப்பு வந்தால் இலவச சிகிச்சையும் நட்ட ஈடும் தர வேண்டும். கைநாட்டு வைப்பவர் என்றால் ஆஸ்பத்திரியைச் சேராத ஒரு சாட்சி முன்னால், அவருக்குப் புரியும் மொழியில் முழுதும் வாசித்துச் சொல்ல வேண்டும். படிவத்தின் பிரதி உங்கள் கையில் இருக்க வேண்டும். இடையில் எந்த நாளும் காரணம் சொல்லாமல் விலகலாம். விலகினால் வழமையான சிகிச்சையை மறுக்கக்கூடாது. சேர்வதற்குக் காசு கேட்டால் அது பரிசோதனையே அல்ல. தோட்டத்தில் பெரியவர்கள் சொன்ன இடத்தில் கைநாட்டு வைத்துப் பழகியவர் உங்கள் அம்மா. அதனால்தான் இதை நீட்டிச் சொல்கிறேன்.

இவ்வளவும் சரியாக இருந்தாலும் என் பதில் ‘வேண்டாம்’ தான். காரணம் ஏமாற்றிவிடுவார்கள் என்ற பயம் அல்ல. இத்தகைய பரிசோதனை ஒரு வருடம், இரண்டு வருடம் ஓடும். பெரும்பாலும் நான்கு வாரத்துக்கு ஒருமுறை போய்ப் பார்வை அளந்து, ஸ்கேன் எடுக்க வேண்டும். 72 வயதில் பசறைக்கும் தமிழ்நாட்டுக்கும் இடையே விசாவோடு மாதா மாதம் பறக்க முடியாது. அங்கேயே தங்கினால் யார் பார்ப்பது? போய்ச் சேர்ந்த பிறகு, இரத்த அழுத்தம் கூட, சீனி கூட என்று முதல் பரிசோதனையிலேயே திருப்பி அனுப்பப்படுபவர்களும் ஏராளம். அதற்குள் இரண்டு மாதம் போயிருக்கும். கண் அந்த இரண்டு மாதத்தைத் திருப்பித் தராது.

பரிசோதனைகளையே நான் வெறுப்பதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆரம்ப காலச் சோதனைகளில் சேர்ந்தவர்கள் பெரும்பாலும் வெள்ளைக்காரர்கள். ஆசியர்களுக்கு இதே நோய், குழாய் முனைகளில் முடிச்சு முடிச்சாக வீங்கும் இன்னொரு வடிவில் அடிக்கடி வருகிறது. அதற்கு ஊசி மட்டும் போதுமா, ஒளிக்கதிர் சிகிச்சையும் வேண்டுமா என்பது ஆசிய நாடுகளில் 322 பேர் சேர்ந்த ஒரு சோதனையால்தான் தெளிந்தது. இரண்டையும் சேர்த்தவர்களுக்குப் பலன் கூடியது. இலங்கையிலேயே, எட்டிப்போகும் தூரத்தில், பதிவான பரிசோதனை ஒன்று வந்தால், மேலே சொன்ன கேள்விகளைக் கேட்டுவிட்டு நானே என் நோயாளிகளைச் சேரச் சொல்வேன். ஒரே ஊசியில் கண்ணே தொடர்ந்து மருந்து சுரக்கும்படி செய்யும் மரபணு சிகிச்சைகள் இப்போது மூன்றாம் கட்டச் சோதனையில் இருக்கின்றன. அவை தேறினால் மலைநாட்டுக்குப் பெரிய வரம். ஆனால் அது அடுத்த சில வருடங்களின் பேச்சு.

வலது கண்ணை மறந்துவிடாதீர்கள். ஒரு கண்ணில் வந்தவருக்கு மற்றதிலும் வரும் வாய்ப்பு அதிகம். கிழமைக்கு ஒருநாள் இடது கண்ணைப் பொத்திக்கொண்டு, பிள்ளைகளின் கட்டக் கொப்பியையோ கதவு நிலையையோ பார்க்கச் சொல்லுங்கள். வளைந்தால் உடனே கிளினிக். நீர்க்கசிவு இல்லாத உலர்ந்த வகைக்கும் 2023 முதல் அமெரிக்காவில் இரண்டு ஊசிகள் விற்பனைக்கு இருக்கின்றன. அவை நோய் பரவும் வேகத்தைக் கொஞ்சம் குறைக்கின்றன, பார்வையைத் திருப்பவில்லை. ஐரோப்பிய அதிகாரிகள் அவற்றில் ஒன்றை ஏற்க மறுத்தும் விட்டார்கள். யாராவது வலது கண்ணுக்கும் முன்கூட்டியே புது ஊசி போடலாம் என்றால் தலையாட்டாதீர்கள். கீரை சாப்பிடட்டும். வீட்டில் சுருட்டோ பீடியோ பிடிப்பவர் இருந்தால் வெளியே போகட்டும். சீனி வருத்தம் இருக்கிறதா என்று ஒருமுறை இரத்தம் பார்த்துவிடுங்கள். அதனாலும் இதே இடத்தில் நீர் கோர்க்கும், அதற்கும் இதே ஊசிதான்.

கோத்தகிரிக்குப் போவதை நான் தடுக்கவில்லை. அம்மாவுக்குக் கூடப்பிறந்தவரைப் பார்க்க ஆசை இருக்கும். இந்த ஊசி போட்டவர் விமானம் ஏறலாம். விழித்திரை சத்திரசிகிச்சையில் வாயு அடைத்தவர்களுக்குத்தான் தடை. மூன்றாவது ஊசி போட்டு இரண்டு வாரம் கழித்துப் புறப்பட்டு, நான்காவது மாதக் கிளினிக்குக்குத் திரும்பிவிடுங்கள். போகும்போது பதுளையில் எடுத்த ஸ்கேன் பிரதியையும் ஊசித் தேதிகள் எழுதிய கிளினிக் கொப்பியையும் பையில் வைத்துக்கொள்ளுங்கள். கோயம்புத்தூரில் ஒரு விழித்திரை வைத்தியரிடம் இரண்டாவது கருத்துக் கேட்க அது போதும்.